பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? சந்தோஷமும் செலவும்

கேள்வி இதுதான்: "இருபது, முப்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. இப்போது சாதாரணப் புதுக் கார் ஒன்றின் விலைக்கே சில மாடல்கள் கிடைக்கின்றன. வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சொர்க்கம் என்கிறார்கள், மீதிப் பேர் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்கிறார்கள். அந்தச் சந்தோஷம் உண்மையா? செலவு எவ்வளவு ஆகும்? தினமும் ஓட்டுகிற ஒரே காராக அதையே வைத்துக்கொள்ளலாமா?"

இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்வதுண்டு. 1990களின் தொடக்கத்தில் வந்த இரண்டு சீட் வண்டி ஒன்றைப் பன்னிரண்டு வருடங்களாக வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அதைவிடப் பழைய வண்டி ஒன்று இருந்தது. எஞ்சினைப் பிரிக்கிற வேலை தவிர மற்றதெல்லாம் நானே செய்து பழகியவை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த வண்டிகளில் பணம் போவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, முன்னால் வைத்திருந்தவர்கள் தள்ளிப்போட்ட வேலை. இன்னொன்று, வாங்கியவர் ஓட்டாமல் நிறுத்தி வைப்பது. வயது மூன்றாவதாகத்தான் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சந்தோஷத்திலிருந்து தொடங்குகிறேன். அது உண்மை. வெறும் ஏக்கமோ, பழையது எல்லாம் நல்லது என்ற மயக்கமோ இல்லை. அதற்கு எஞ்சினியரிங் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் எடை. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சின்னத் திறந்த காரைக் கொண்டுவந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்குள். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த சேஸி, முழு வண்டியும் சேர்த்து 725 கிலோ அளவில்தான். இன்றைக்குத் தெருவில் போகும் எலக்ட்ரிக் எஸ்யூவிகளில் பல இரண்டு டன்னைத் தாண்டுகின்றன. நேர்ரோட்டில் முடுக்கிப் பார்த்தால் அந்த எஸ்யூவி எம்எக்ஸ்-5ஐ எளிதாக முந்திப் போய்விடும். ஆனால் எடை குறைந்த வண்டி வளைவில் திரும்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் உடனே பதில் சொல்லும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வளைவைச் சரியாக எடுத்துவிட்டோம் என்ற திருப்தி அதில் கிடைக்கும். அதே திருப்திக்கு இன்றைய வேகமான ஸ்போர்ட்ஸ் காரில் சட்டம் அனுமதிக்காத வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், பழைய வண்டியின் மிகப் பெரிய பலம் இதுதான்.

இரண்டாவது ஸ்டீயரிங். வளைவில் நுழையும்போது முன் டயர்கள் பக்கவாட்டில் சுமை ஏற்கின்றன. அப்போது சக்கரம் தானாக நேரே திரும்பப் பார்க்கும். அந்த விசைதான் கையில் கனமாகத் தெரிகிறது. சுமை ஏற ஏறக் கனம் கூடும். டயர் பிடியை விடப் போகிற கட்டத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கனம் லேசாகத் தளரும். அதாவது வழுக்குவதற்கு முன்பே வண்டி கைக்குச் சொல்லிவிடுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இது அப்பட்டமாகத் தெரியும். பழைய ஹைட்ராலிக் வகையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். இன்றைய எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் நடுவில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருப்பதால் பெரும்பகுதி கைக்கு வருவதே இல்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அன்றாடக் காருக்குத் திரும்பினால், கையுறை போட்டுக்கொண்டு எழுதுவது போல இருக்கும்.

அப்புறம் எஞ்சின். ஹோண்டா எஸ்2000 (1999–2009) முதலில் வந்தபோது 2 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஆறாயிரத்துக்குக் கீழே அது சாதுவான வண்டி. மேலே போனதும் வால்வுகளைத் திறக்கும் கேம் வேறொன்று பிடித்துக்கொள்ள, குரலே மாறிவிடும். 1963-இல் அறிமுகமாகி 1998 வரை காற்றாலேயே குளிர்விக்கப்பட்ட போர்ஷே 911 எஞ்சினின் விசிறிச் சத்தமும் வால்வுச் சத்தமும் கலந்த அந்த ஒலி வேறு எதிலும் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் நேராகத் த்ராட்டிலைத் திறப்பதால் கால் அசைந்த அளவுக்கு எஞ்சின் அசையும். பிரேக் மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, கியரைக் குறைத்து, குலுக்கலே இல்லாமல் கிளட்சை விடப் பழகிய அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அது கைவர எனக்கு நான்கு மாதம் ஆனது.

புரிந்துகொள்கிற சந்தோஷம் இன்னொன்று. பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது டிஸ்ட்ரிபியூட்டர், இது தெர்மோஸ்டாட், இந்த ஹோஸ் இங்கே போகிறது. ஒரு சத்தம் வந்தால் எங்கிருந்து என்று தேடி, கண்டுபிடித்து, கையால் சரிசெய்து, மறுபடி ஓட்டிப் பார்த்து அந்தச் சத்தம் இல்லை என்று உறுதி செய்வது தனி நிறைவு. இந்த வேலையில் ஈடுபாடே இல்லாதவருக்குப் பழைய கார் பொருந்தாது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வமாவது வேண்டும்.

சரி, செலவு.

பலர் இடறி விழுகிற இடம் இது: காரின் விலை இறங்கிவிடும், ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது. புதிதாக வந்தபோது சாதாரணக் காரைப் போல மூன்று, நான்கு மடங்கு விலைக்கு விற்ற வண்டி, இருபது வருடம் கழித்துச் சாதாரணக் காரின் விலைக்கு வந்து நிற்கிறது. ஆனால் அதன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், கிளட்ச் எல்லாம் அந்த மூன்று மடங்கு வண்டிக்காகச் செய்தவை. அவற்றின் விலை அப்படியே நிற்கும், சில சமயம் ஏறியும் இருக்கும். பிரித்து மாட்டுகிற கூலியும் அதே தரத்தில்தான். யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஓர் உதாரணம். ஃபெராரி எஃப்355 (1994–1999) அழகில் யாரையும் மயக்கும். அதன் வி8 எஞ்சின் கேம்களை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். எஞ்சின் நடுவில் இருப்பதால் அந்தப் பெல்ட்டை முறையாக மாற்ற எஞ்சினையே கீழே இறக்குவார்கள். இதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி, ரப்பருக்கு வயதாகும். அடுத்து வந்த 360 மாடலில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து அதே வேலையைச் செய்யும்படி மாற்றினார்கள். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை என்பதால் கூலியில் பெரிய வித்தியாசம். வாங்கும் முன் இப்படிப்பட்ட விஷயங்களைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

ஃபெராரிதான் என்றில்லை. போர்ஷே 944 (1982–1991) பழைய போர்ஷேக்களிலேயே விலை குறைவானவற்றில் ஒன்றாக நெடுநாள் இருந்தது. முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ் என்று எடையைச் சமமாகப் பிரித்த, மிக நல்ல ஓட்டம் உள்ள வண்டி. ஆனால் அதன் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் பின்னாலிருந்து கியர்பாக்ஸைக் கழற்றி, நடுவிலுள்ள நீண்ட குழாயையும் நகர்த்தி, அதற்கப்புறம்தான் கிளட்சைத் தொடவே முடியும். கிளட்ச் தட்டின் விலையைவிடக் கூலி அதிகமாகிற வேலை அது. விற்பவர் "கிளட்ச் மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்று சொன்னால், அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லின் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு ஊரறிந்த பலவீனம் உண்டு. 1990களின் இறுதியில் தண்ணீர் குளிர்விப்புக்கு மாறிய போர்ஷே 996, முதல் பாக்ஸ்டர் இரண்டிலும் எஞ்சினுக்குள்ளே உள்ள இடைத்தண்டு பேரிங். அது உடைந்தால் முழு எஞ்சினும் போகலாம். பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடுவதும், கனெக்டிங் ராடு பேரிங் தேய்வதும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் ரோட்டரி எஞ்சினில் முக்கோண ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல்கள். அந்த எஞ்சின் சீல்களுக்கு உயவு கொடுக்கவென்றே கொஞ்சம் எண்ணெயை எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றைச் சொல்வது பயமுறுத்த இல்லை. பலவீனம் தெரிந்த வண்டி நல்ல வண்டி. அந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். செய்திருந்தால் கூடுதல் விலை கொடுப்பதே லாபம். செய்யவில்லை என்றால் அந்த வேலையின் முழுத் தொகையையும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

நான் கைக்கொள்கிற கணக்கு: எளிமையான நான்கு சிலிண்டர் வண்டி என்றால், வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வாங்குவேன். அது முதல் வருடத்துக்கு. எல்லா எண்ணெய்களும், கூலன்ட்டும், பிரேக் திரவமும், பெல்ட்டுகளும், ஹோஸ்களும், பேட்டரியும், பெரும்பாலும் டயர்களும் அதில் போகும். முந்தையவர் மாற்றியிருந்தாலும் எப்போது என்று எழுத்தில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வேன். இரண்டாம் வருடத்திலிருந்து செலவு நன்றாக இறங்கும். அப்புறம் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய வேலை ஒன்று வரும்: கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் முழுவதும் என்று ஏதோ ஒன்று. அதற்கு மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்கினால் வலி தெரியாது. பெரிய எஞ்சின், டர்போ, நடு எஞ்சின், அபூர்வ மாடல் என்று போகப் போக இந்தக் கணக்கு வேகமாகப் பெருகும். பன்னிரண்டு சிலிண்டர் வண்டிக்கு இந்தப் பங்கு எந்த மூலைக்கும் போதாது.

ரப்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டியில் பாதி வேலை ரப்பர் வேலைதான். சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை), எஞ்சின் மவுன்ட், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கதவு ஓரப் பட்டை எல்லாம் இருபது வருடத்தில் இறுகி வெடிக்கும். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்து "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று ஏமாந்தவர்கள் பலர் உண்மையில் செத்துப்போன புஷ்களைத்தான் ஓட்டியிருக்கிறார்கள். என் வண்டியிலும் எல்லாப் புஷ்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த மறுநாள் அது வேறு வண்டியாக இருந்தது. செலவுக்குத் தகுந்த சந்தோஷம் என்று பார்த்தால் நான் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது பரவலான பின் பழைய பெட்ரோல் ஹோஸ்கள் இன்னும் சீக்கிரம் கெடுகின்றன. பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நாள்கணக்கில் நின்ற டேங்க்கில் அது துருவுக்கு வழி. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவது என்றால் தீ. பல அழகான கார்கள் இப்படி ஓரமாக நின்று எரிந்திருக்கின்றன. ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு; இதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு சின்ன தீயணைப்பானும் வண்டியில் இருக்கட்டும். இன்னும் பழைய, 1970களுக்கு முந்தைய வண்டி என்றால் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினாக இருக்கலாம். ஈயப் பெட்ரோல் 2021-இல் உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவிலும் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட எஞ்சினில் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பிரேக் திரவமும் ஈரம் இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி. மலைப்பாதையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் பெடல் தரையைத் தொடுமா தொடாதா என்பதைத் தீர்மானிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரில் பட்டன் தேயாமல் புதிது போல இருக்கலாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2312 என்றால் 2012-இன் 23-ஆவது வாரம். பத்து வருடத்தைத் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் ஓட்ட மாட்டேன்.

இனி துரு. எஞ்சின் கெட்டுப்போனால் சரிசெய்யலாம், வேறு எஞ்சின் கூட மாற்றலாம். உடல் துருப்பிடித்தால் அந்த வண்டியின் கதை பெரும்பாலும் முடிந்தது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். எம்எக்ஸ்-5இல் கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டமும் பின் சக்கர வளைவும் முதலில் போகும். மேல் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் போகிற சின்னத் துளை குப்பையால் அடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வருடத்துக்கு இரண்டு முறை அந்தத் துளையைச் சுத்தம் செய்தால் பெரிய வெல்டிங் வேலையைத் தவிர்க்கலாம். போர்ஷே 1970களின் நடுவிலேயே 911 உடல் முழுவதற்கும் துத்தநாகப் பூச்சுத் தகட்டுக்கு மாறியதால், அதற்குப் பிந்தையவை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். எலிஸின் அலுமினிய சேஸி துருப்பிடிக்காது. ஆனால் அதன் முன் பகுதி முழுவதும் ஒரே ஃபைபர் கிளாஸ் வார்ப்பு, ஓரத்தில் லேசாக இடித்தாலும் பெரிய வேலை.

பளபளக்கும் புது பெயிண்ட் என்னைப் பொறுத்தவரை எச்சரிக்கை மணி. என் முதல் பழைய வண்டியை அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆறே மாதத்தில் கதவுக்குக் கீழே கொப்புளம் வந்தது. தட்டிப் பார்த்தால் தகடே இல்லை, துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி மூடி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைச் சரிசெய்த செலவு வாங்கிய விலையில் பாதி. அன்றிலிருந்து மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போகிறேன். தகடு உள்ள இடத்தில் ஒட்டும், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் ஒட்டாது. தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். கதவு, பானட் இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஜாக்கியில் ஏற்றி அடியில் பார்க்க அனுமதிக்காதவரிடம் அடுத்த பேச்சே கிடையாது.

பாகம் கிடைப்பது பற்றி. இயந்திரப் பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் அவற்றில் பல அதே நிறுவனத்தின் சாதாரணக் கார்களிலும் ஓடியவை. கிடைக்காமல் கழுத்தை அறுப்பது சின்னச் சின்னப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான்: டெயில் லைட், டாஷ்போர்டு ஓரம், சீட் துணி, ஜன்னல் ரப்பர். ஒரு ஹெட்லைட் கிளிப்புக்காக ஏழு மாதம் காத்திருந்திருக்கிறேன். 1980களின் இறுதி, 1990களின் வண்டிகளில் இன்னொன்று: எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கபாசிட்டர்கள் காலப்போக்கில் கசிந்து பலகையையே அரித்துவிடும். காரணம் புரியாமல் வண்டி திணறும், மெக்கானிக் சென்சார் சென்சாராக மாற்றுவார். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்த ஒருவர் சின்னச் செலவில் கபாசிட்டர்களை மாற்றித் தந்துவிடலாம், பலகை அரிப்பதற்கு முன் என்றால்.

எண்ணிக்கையில் அதிகம் விற்ற மாடலாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எம்எக்ஸ்-5 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் வந்தது. அதற்குப் புதிய உடல் கூடே இன்றும் செய்து விற்கிறார்கள். தயாரித்த நிறுவனங்களே சில பழைய மாடல்களுக்குப் பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியிருப்பதும் நல்ல செய்தி: நிசான் 2017-இலிருந்து ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020-இலிருந்து ஏ70, ஏ80 சுப்ராக்களுக்கும் இதைச் செய்கின்றன. ஆயிரம் இரண்டாயிரம் மட்டுமே செய்யப்பட்ட வண்டி பார்க்கத் தனித்துவமாக இருக்கும், ஆனால் கண்ணாடி உடைந்தால் அடுத்த கண்ணாடி உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

ஓட்டாமல் வைப்பது பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது குறை. நின்ற வண்டியில் பிரேக் காலிப்பர் இறுகும், சீல்கள் காய்ந்து கசியும், பெட்ரோல் பிசினாகும், பேட்டரி சாகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும். ஐந்து நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் மோசம். எரிதலில் உண்டாகும் தண்ணீர் ஆவியாகிப் போகுமளவுக்குச் சூடேறாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது அரை மணி நேரம், முழுச் சூடு ஏறும்படி ஓட்டுங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை, பத்து வருடம் கொட்டகையில் நின்ற முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட நம்பி வாங்குவேன்.

இதையே ஒட்டி இன்னொன்று: ரிப்பேர் செய்து எடுத்துக்கொள்ளலாம் என்று மலிவான, சோர்ந்த வண்டியை வாங்காதீர்கள். அதை நல்ல நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, முதலிலேயே நல்லதாக இருந்த வண்டியின் விலையை அநேகமாக எப்போதும் தாண்டும். அடுத்தவர் செலவழித்து முடித்த வண்டியை வாங்குங்கள். விலை ஏறும், முதலீடு என்று யாராவது சொன்னால் அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சில மாடல்கள் ஏறியது உண்மை, ஆனால் இடம், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் கழித்தால் மிஞ்சுவது குறைவு. ஏறும் என்று வாங்கியவர் ஓட்டவும் பயப்படுவார். புதுக் காரைப் போல வருடா வருடம் விலை சரியாது என்பது மட்டும் உண்மையான ஆறுதல். காப்பீட்டில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தரும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டி சறுக்கும்போது தானாகப் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு 1995-இல்தான் முதன்முதலாகக் கார்களில் வந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பலவற்றில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. பழைய 911 போல எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில் வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். ஈரமான மூடிய மைதானத்தில் ஒரு நாள் பயிற்சி எடுப்பது, வண்டிக்கு நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும்விடப் பயன் தரும்.

தினமும் ஓட்டுகிற ஒரே காராக வைக்கலாமா என்றால், என் பதில்: வேண்டாம். வண்டி தாங்காது என்பதால் சொல்லவில்லை. நல்ல எம்எக்ஸ்-5 தாங்கும். பாகத்துக்காக மூன்று வாரம் நிற்கிற காலம் எப்படியும் வரும். அப்போது காலையில் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், கிடைத்ததை மாட்டி, அரைகுறையாக வேலையை முடித்து ஓட்டத் தோன்றும். முன்னால் சொன்ன தள்ளிப்போட்ட வேலை அப்படித்தான் பிறக்கிறது. சாதாரணமான, நம்பகமான வண்டி ஒன்று வாசலில் நின்றால் பழையதை அவசரமில்லாமல் சரியாகச் செய்யலாம்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை உயிர் பெறும்போது வரும் சத்தத்தையும் புகையையும் யாராலும் மறைக்க முடியாது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகையும் இனிப்பு வாசனையும் என்றால் கூலன்ட். அந்த மாடலை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரிலும் அழுத்தத்தின் அளவு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு நீங்களே ஓட்டுங்கள். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தாலும் எண்ணெய் சூடாக இன்னும் பத்து நிமிடம் ஆகும். அதுவரை மூவாயிரம் சுற்றுக்குள் மெதுவாகப் போங்கள். விற்பவர் ஓட்டிக் காட்டும்போது அந்தப் பத்து நிமிடத்தை அவராகவே கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். இத்தனை வருடமும் அந்த எஞ்சினை எப்படி வைத்திருந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.